கழுதைக்குப் போர்வை இல்லை

என் வீட்டுக்காரர் செத்துப் பல மாதம் ஆகியும் நான் அழவில்லை என்பது எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பெரிய பேச்சு. அழுத்தக்காரி என்றார்கள், கல்நெஞ்சு என்றார்கள். பெரியம்மா முறை ஒருத்தி வந்து, "அழுதுடும்மா, அழுதா பாரம் குறையும்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கினால் உதிர்வதற்கு நான் என்ன மரமா? வராத அழுகையை எங்கே போய் வாங்கி வருவது? பசித்தால் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. படுத்தால் தூங்கினேன். காலையில் எழுந்து நர்சரிக்குப் போனேன். வேலையாட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

நாங்கள் ரோஜாச் செடி வளர்த்து விற்கிறவர்கள். பூக்கடையில் வாளிக்குள் நிற்கும் நீளக் காம்பு ரோஜா இல்லை. அதற்கு நூறு மருந்தும் நூற்றெட்டுச் செல்லமும் வேண்டும். எங்களுடையது புதர் ரோஜா. வேலி ஓரத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ரோட்டு நடுவிலும் நட்டு மறந்துபோனாலும் பூத்துத் தொலைக்கிற ரகம். அவர் வருஷக்கணக்காக ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு இன்னொன்றில் தடவி, காய் பழுத்ததும் விதையெடுத்து முளைக்கப் போட்டு, முளைத்ததில் முக்கால்வாசியைப் பிடுங்கி எறிந்து, கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேற்றினார். ஐந்தே இதழ், வெளிறிய செம்பு நிறம், வாசனை துளியும் கிடையாது. அவர் அதற்கு வைத்த பட்டப்பெயர் கழுதை. வெயிலில் போட்டாலும் நின்றது, தண்ணீர் காட்டாவிட்டாலும் நின்றது, இலையில் கரும்புள்ளி நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வருகிறவர்கள் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால், "கழுதைக்கு எதுக்குங்க கற்பூர வாசனை?" என்பார். எல்லோரிடமும் இதையே சொல்வார், ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் சிரிப்பார். நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இப்படிப் புதிதாக உண்டாக்கின செடியைத் தோட்டக்கலை நிலையத்தார் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வெயில் ஊர் ஒன்று, உப்புக்காற்று அடிக்கிற கடலோரம் ஒன்று, உறைபனி விழுகிற மலை ஒன்று என மூன்று இடத்தில் நட வேண்டும். வேர் பிடிக்கிற வரைக்கும்தான் தண்ணீர். அதற்கப்புறம் தண்ணீர் கூடாது, மருந்து கூடாது, குளிர்காலத்தில் மூடக் கூடாது. செத்தால் சாகட்டும் என்று விட்டுவிட வேண்டும். மூன்று இடத்திலும் மூன்று வருஷம் தாக்குப் பிடித்தால் அதை அவர்களே பெருக்கி ஊர் ஊராக நடுவார்கள், உண்டாக்கினவர் பெயரையே செடிக்கு வைப்பார்கள். இல்லையென்றால் நம் நர்சரியில் நாமே ஏதோ ஒரு எண்ணைப் போட்டு விற்றுக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் கொஞ்சம் கொடுமையாக இல்லையா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "செல்லம் குடுத்தா செடி பொய் சொல்லும். அதை நம்பி எவனோ வாங்கிட்டுப் போய் நட்டு, முதல் குளிர்லயே சாகக் குடுப்பான்" என்றார்.

வெயிலுக்கு எங்கள் நர்சரியிலேயே நட்டோம். கடலோரத்துக்கு நாத்தனார் வீட்டுப் பின்பக்கம். மலைக்கு என் மாமனார் வீட்டுத் தோட்டம். மாமனார் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அங்கேயே தனியாக இருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கண்டக்டர் விசிலுக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகினவர், மற்றபடி வாயில் கொழுக்கட்டைதான். வெயில் ஊரிலும் கடலோரத்திலும் கழுதை ஜெயித்துவிட்டது. மலையில் ஒரே ஒரு குளிர்காலம் பாக்கி இருந்தபோது, நல்ல கோடையில், மண் கலக்கிற கொட்டகையில் கிளை வெட்டுகிற கத்தரியைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்காரர் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிரயோஜனம் இல்லை.

அதற்கப்புறம் எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை, அந்த மலைச் செடி பிழைத்து அவர் பெயர் அதில் ஏறுவதைத் தவிர. வேண்டும் என்று தோன்றினதே அது ஒன்றுதான். அதனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருடைய துணிமணிகளையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி மாமனாருக்கு அனுப்பிவிட்டேன், மலையில் குளிருக்கு ஆகுமே என்று. அதைக் கட்டும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாக்கு வாய் சரியாகத் தைக்க வரவில்லையே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

குளிர் விட்டதும் நிலையத்திலிருந்து வருகிற அதிகாரி அம்மாவோடு மலைக்குப் போனேன். நாங்கள் ஆபீசரம்மா என்றுதான் சொல்வோம். காரில் ஏறினதிலிருந்து மகளுடைய பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், நல்ல மாதிரி. மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டினார், அதுதான் வரவேற்பு.

தோட்டத்தில் கழுதைக்குப் பக்கத்திலேயே நிலையத்தார் நட்ட இரண்டு பழைய ரகங்கள் உண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதில் ஒன்று குளிருக்குப் பேர் போனது. அது இந்த வருஷம் பாதிக்கு மேல் கருகிப் போயிருந்தது. இன்னொன்று தரையோடு தரையாகச் செத்திருந்தது. கழுதை மட்டும் நுனிவரை பளபளவென்று நின்றது. ஆபீசரம்மா குனிந்து நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. அடியில் சுரண்டினார், நடுவில் சுரண்டினார், உச்சிக் கிளையில் சுரண்டினார்.

"நுனி வரைக்கும் பச்சைங்க! என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததே இல்ல" என்றார். அவர் குரலே மாறிவிட்டது. "உங்க வீட்டுக்காரர் இருந்து பாத்திருக்கணும்."

நான் செடியைப் பார்த்தேன். வெயில் ஊர்க்காரி என்றாலும் ரோஜாவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். குளிரில் கிடந்த கிளைக்கு ஒரு வதங்கல் இருக்கும், காற்று அடித்த பக்கம் பட்டை சொரசொரக்கும். இதில் ஒன்றும் இல்லை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின குழந்தை மாதிரி இருந்தது. சந்தேகத்தோடு கிட்டே போனேன். முள்ளில் கம்பளி நூல் மாட்டியிருந்தது. பழுப்பு நூல், அதோடு ஓர் இழை நீலம். என் வீட்டுக்காரருடைய பழுப்பு ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்தபோது, வீட்டில் பழுப்பு நூல் இல்லாமல் நீலத்தில் தைத்துக் கொடுத்தவளே நான்தான். சுற்றிப் பார்த்தால் செடியைச் சுற்றி நாலு மூலையிலும் குச்சி நட்டுப் பிடுங்கின குழிகள்.

மாமனார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆபீசரம்மா பேனாவைத் திறந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வீட்டுக்காரர் பெயர் ஏறியிருக்கும். நான் வேண்டியதும் அதுதான். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"மேடம், எழுதாதீங்க. இதை மூடியிருக்காங்க."

ஆபீசரம்மா என்னைப் பார்த்தார், அப்புறம் நூலைப் பார்த்தார்.

"மாமா, மூடினீங்களா?" என்றேன்.

"தினமும் இல்ல" என்றார். "உறைபனி விழுந்தா மட்டும்தான்."

"எப்பெப்போ விழுந்துது?"

விரல் விட்டு எண்ணினார். "தினமும்தான் விழுந்துது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆபீசரம்மா பேனாவை மூடினார். திட்டவில்லை. "இன்னொரு குளிர்காலம் தர்றேங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான். ஆனா இந்தத் தடவை யாரும் கிட்டயே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கருகின செடிகளைப் படம் எடுக்கப் போனார்.

மாமனார் அடுப்படியில் டீ போட்டார். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரில அவனைக் குளிர் ரூம்ல வெச்சிருந்தாங்க இல்ல. நான் வந்து சேர்றப்போ இழுத்துக் காட்டினாங்க. மேல ஒரு மெல்லிசு துணி. கையைத் தொட்டேன். ஐஸு. சின்னதுலேர்ந்தே அவனுக்குக் குளிர் ஆகாதும்மா. மலையில பொறந்துட்டு எந்நேரமும் போர்வைக்குள்ளயே கிடப்பான். அதனாலதான் கீழ வெயில் ஊருக்கு ஓடினான். ஒரு போர்வை போடட்டுமான்னு அங்க இருந்த ஆளைக் கேட்டேன். அதெல்லாம் கூடாது பெரியவரேன்னான். நானும் சரின்னுட்டு வெளிய வந்துட்டேன். நீ அங்கதான் நின்னுட்டிருந்த."

நின்றிருப்பேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. அந்த அறையின் தரையில் ஒரு ஓடு பெயர்ந்திருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அழுகை வர வேண்டிய இடம் இது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. டீயைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அடுத்த குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா. இங்க இருந்தேன்னா மூடிடுவேன். என்னை நம்பாத."

அப்படித்தான் அவர் என் வீட்டுக்கு வந்தார். பெட்டி ஒன்று, கம்பளித் தொப்பி ஒன்று. வெயில் ஊரில் கம்பளித் தொப்பி எதற்கு என்றால் அதை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வந்த மறுநாளே நர்சரியில் சொட்டுக் குழாய் அடைத்திருப்பதைக் கண்டுபிடித்து ஊதி ஊதிச் சரிசெய்தார். வண்டியில் செடி ஏற்றிப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஓட்ட ஓட்டக் காலால் பிரேக் மிதிப்பார். வெறும் தரையில்தான், இருந்தாலும் என் உயிர் போகும். "மாமா, ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல நான் ஓட்டறேன்" என்றேன். அன்றைக்கு மட்டும் காலை மடக்கி உட்கார்ந்தார்.

வீட்டில் பேச்சு கிடையாது. ஒருத்தருக்கு வராது, இன்னொருத்திக்குத் தோன்றாது. பொருத்தம் நன்றாகவே இருந்தது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண்தான் எங்கள் குடும்பத்தில் மூன்றாவது ஆள். அவள் வந்ததும் மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். மலைப் பக்கம் எத்தனை டிகிரி என்று அவள் சொன்னதும் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போவார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்காத மாதிரி இருப்பேன். ஒரு டிகிரி விடாமல் எனக்கும் மனப்பாடம்.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் அவள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பேசினாள். மலைப் பகுதியில் இத்தனை வருஷத்தில் இல்லாத கடும் குளிர், காற்றும் சேர்ந்து அடிக்கும், வெளியே வர வேண்டாம், கால்நடைகளைக் கொட்டகைக்குள் கட்டுங்கள் என்றாள். மாமனார் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் காய்ந்த துணியை எடுக்கக் கொடிப்பக்கம் போனேன். துணியை மடித்து வைத்தேன். அதுவரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பார்த்தால் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வீட்டுச் செருப்பு. கையில் பர்ஸ். கக்கத்தில் என் கட்டிலிலிருந்து உருவின போர்வை, பின்பக்கம் தரையில் இழுபட்டு அழுக்காகியிருந்தது. எதிரே மலைக்குப் போகிற பஸ், உறுமிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டர் ஊர்ப் பெயரை ஏலம் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஏறினால் போய்ச் சேருவதற்குள் முக்கால்வாசி குளிர் அடித்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது. மிச்சம் கால்வாசிக்காவது மூடலாமே என்றது இன்னொன்று. படியில் கால் வைத்துவிட்டேன்.

பின்னால் இருந்து போர்வையை யாரோ பிடித்து இழுத்தார்கள். மாமனார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார், மூச்சு வாங்கியது.

"வேணாம்மா. இறங்கு."

"விடுங்க மாமா."

"இறங்கும்மா."

"நீங்க மட்டும் மூடலாம், நான் மூடக் கூடாதா? நான் என்ன பாவம் பண்ணேன்?" கத்திவிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "அன்னிக்கு நான் வாயைப் பொத்திட்டு இருந்திருக்கணும். பேர் ஏறியிருக்கும். நானே கெடுத்தேன். எனக்கெதுக்கு ஊர் நியாயம்?"

"நீ சரியாத்தான் சொன்ன. அவன் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். என்னை நாலு திட்டும் திட்டியிருப்பான்." போர்வையை விடவே இல்லை. "நான் இருந்தா மூடிடுவேன்னுதான உன்கிட்ட வந்தேன். நீயும் இப்படிக் கிளம்பினா நான் எங்கம்மா போவேன்?"

டிரைவர் தலையை நீட்டினான். மாமனாரைத் தெரிந்தவன் போலிருக்கிறது. "என்ன அண்ணே, ஏறலையா?"

"இல்லப்பா. வண்டியை எடு."

பஸ் போய்விட்டது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் அன்றைக்கு மின்விசிறி போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது, நான் போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மாமனார் போர்வையில் ஒட்டின மண்ணைத் தட்டினார். அடுத்த பஸ் வந்தது, அதுவும் போனது. அப்புறம் வீட்டுக்கு நடந்தோம்.

குளிர் விட்டதும் மூன்று பேருமாகப் போனோம். ஆபீசரம்மாவின் மகள் பரீட்சையில் தேறிவிட்டாளாம், அதைச் சொல்லும்போதுகூடக் குரலை அடக்கித்தான் சொன்னார். தோட்டத்து வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது. கழுதை கரியாக நின்றது, அடுப்பிலிருந்து உருவின சுள்ளிக் கட்டு மாதிரி.

இந்தத் தடவை நான் சுரண்டினேன். ஆபீசரம்மா விட்டுவிட்டார். உச்சியில் பழுப்பு. ஒரு முழம் கீழே, பழுப்பு. இன்னும் கீழே, இன்னொரு கிளை, அதற்கும் கீழே, எல்லாம் பழுப்பு. நகக்கண்ணில் மண்ணும் தூளும் ஏறி வலித்தது. மண்டி போட்டேன். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுரண்டினபோது உள்ளே பச்சை தெரிந்தது. ஒரு மொட்டுக்கண் சிவந்து புடைத்திருந்தது.

"உயிர் இருக்கு" என்றேன்.

"இருக்குங்க" என்றார் ஆபீசரம்மா. எனக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். "ஆனா பாதிக்கு மேல இருக்கணும். இது ஒரு சாண்தான். வெயிலுக்கு ஆகும், கடலோரத்துக்கு ஆகும், குளிருக்கு ஆகாதுன்னுதான் நான் எழுத முடியும். பேர் வைக்க முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க."

"எழுதுங்க" என்றேன். "கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதைதான்." என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. இத்தனை நாள் கெட்டியாகப் பிடித்திருந்தது போய்விட்டது. போனதும் வலிக்கும் என்று நினைத்தேன், மரத்துப்போன கால் மாதிரிதான் இருந்தது. ஆபீசரம்மா எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார்.

மாமனார் தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"பரிசோதனை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க ஐயா."

"இனிமே ஆள் வந்து பாக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. இனிமே இது உங்க செடிதான்."

"அப்போ," என்றார், என்னைப் பார்த்து. "வர்ற குளிருக்கு மூடலாம் இல்லம்மா?"

"மூடலாம் மாமா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மூ" என்றதோடு நின்றுவிட்டது. அந்தப் பாத்தியிலேயே, ஈர மண்ணில், கருகின செடியைக் கட்டிக்கொள்ளாத குறையாகக் கவிழ்ந்து, ஊர் கேட்கிற மாதிரி அழுதேன். "ஒரு போர்வை போட்டிருக்கலாமே மாமா, ஒரு போர்வை போட்டிருக்கலாமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். முள் குத்தியதுகூட அப்புறம்தான் தெரிந்தது. ஆபீசரம்மா என்ன செய்வதென்று தெரியாமல் மற்ற செடிகளைப் பார்க்கப் போவது போல நகர்ந்து போனார். மாமனார் என் பையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, செத்த கிளைகளை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார்.